முகம் மட்டும் பாக்கி

அண்ணாச்சி, காலக் கொஞ்சம் அந்தப் பக்கமா ஒதுக்கிக்கிடுங்க. கோவிச்சுக்கிடாதீங்க. போர்வைக்குள்ள இருக்கது கட்டில் பலகை இல்ல, பெலவேந்திரர். கண்டக்டர் இதுக்கு லக்கேஜ் டிக்கெட்டு எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னான். சாமிக்கு எதுக்குடே டிக்கெட்டுன்னு கேட்டேன். சாமின்னா பிரிச்சுக் காட்டுங்கான். நான் பிரிக்கல. பேசாம டிக்கெட்டே எடுத்துட்டேன்.

பெலவேந்திரர் யாருன்னு கேக்கியளா? இயேசுநாதரோட சீடர். ராயப்பர் கூடப்பொறந்தவர். வலை வீசுன ஆளு, அதனால எங்க கடற்கரையில அவருக்குத் தனி மவுசு. நான் இவரத் தூக்கிக்கிட்டு குருசடி நிறுத்தத்துல எறங்கணும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அங்க நார்பர்ட்டுன்னு ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட நியாயம் கேக்கப் போறேன். மன்னிப்பு கேக்க இல்ல, அத மொதல்லயே சொல்லிப்புடுதேன். என் வீட்டுக்காரி செலின் மன்னிப்பு கேக்கப் போறேன்னுதான் நெனச்சிக்கிட்டு சட்டையத் தேச்சுக் குடுத்திருக்கா. பொம்பளைக்கு என்ன தெரியும்?

எம் பேரு லிகோரி. தச்சு வேல. முன்னால கோயில் பீடம், சப்பரம், தேரு இதுக்கெல்லாம் மரவேல பாத்து தங்கத்தாளு ஒட்டிக்கிட்டு இருந்தேன். நார்பர்ட்டு மீன்பிடி போட்டுக்குப் பேரு எழுதிக்கிட்டுக் கெடந்தான். எங்க பங்குக் கோயிலுக்கு கஸ்பார் சாமியார் வந்தாவ. அவிய வெளிநாட்டுல படிச்சிட்டு வந்தவிய. அங்க கிரேக்க நாட்டுப் பக்கம் ஆயிர வருசமா ஒரு முறையில சாமி படம் எழுதுதாவளாம். ஐக்கன்னு பேரு. பெயின்ட்டு டப்பாவே கெடையாது. முட்ட மஞ்சக்கருவுல கல்லுப்பொடி, மண்ணுப்பொடி கொழச்சு எழுதணும். தலையச் சுத்தி அசல் தங்கம். சாமியார் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு, மறைக்கல்வி நடத்துற பழைய ரூமத் தொறந்து விட்டு, ஏலே, செஞ்சு பாருங்கன்னாவ. பதினோரு வருசம் ஆச்சு. கன்னியாகுமரி வரைக்கும் எத்தன கோயில்ல எங்க படம் இருக்குன்னு நெனைக்கிய!

வேலையப் பிரிச்சுக்கிட்டோம். பலகை என்னது. பலாமரம் வாங்கி இழைச்சு, மேல துணி ஒட்டி, வெள்ளைமண்ண வச்சிரப் பசையில கரைச்சு எட்டு பூச்சு பூசி, யானத்தந்தம் மாதிரி தேய்க்கணும். தேய்ச்சுத் தேய்ச்சு எனக்குக் கைரேகையே போச்சு, ஆதார் மிஷின்ல என் விரல் விழாது. பெறவு தங்கம், அதுவும் என்னது. துணிமணி, பொஸ்தகம், வலை, கடலு எல்லாம் என்னது. முகம் மட்டும் நார்பர்ட்டுது. முகம், கை ரெண்டும், பாதம். பாதம் பாதி படத்துல இருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்க, நூத்துக்குத் தொண்ணூறு யாருதுன்னு.

தங்கம் எப்படி ஒட்டணும்னு தெரியுமா? பசையத் தடவி ஒட்டுற வேல இல்ல. செம்மண்ணு பூசி வழவழன்னு தேச்ச எடத்துல வாய வச்சு ஹான்னு மூச்சு விடணும். அடிவயித்துல இருந்து சூடா வரணும். அந்த ஈரத்துல மண்ணுக்குள்ள இருக்க பசை முழிச்சுக்கிடும். ஒடனே தாள வைக்கணும். ஃபேனு போடக்கூடாது, தும்மக்கூடாது, பக்கத்துல ஒருத்தன் பெருமூச்சு விட்டாக்கூட தாளு பறந்து அவன் மூக்குல ஒட்டிக்கிடும். பதினோரு வருசமா நான் வேல நாள்ல வெங்காயம் தின்னதில்ல அண்ணாச்சி. என் மூச்சு இருக்கு ஒவ்வொரு படத்துலயும். அவனது என்ன இருக்கு? முட்டை.

கோவத்துல சொல்லுதேன். அவன் முகம் எழுதுதத நீங்க பாத்ததில்ல. மொதல்ல முழுசும் கருப்பா, பாசி நெறத்துல அடிச்சிருவான். பாக்க பயமா இருக்கும். பெறவு அதுமேல கொஞ்சங் கொஞ்சமா வெளிச்சத்த ஏத்திக்கிட்டே வருவான். கடைசியா கண்ணுக்குள்ள மயிரிழை கணக்கா ரெண்டு வெள்ளக் கோடு. அந்தக் கோடு விழுந்த நிமிசம் நான் ரூம்ல எங்க நின்னாலும் என்னய ஒரு ஆளு பாக்க மாதிரி இருக்கும். பல நாள் நான் சட்ட போடாம வேல பாத்துக்கிட்டு இருந்திட்டு, அந்தக் கோடு விழுந்ததும் போயி சட்டைய மாட்டிக்கிட்டு வந்திருக்கேன். அம்புட்டு நல்லவன் வேலையில. அதனாலதான் வலிக்கி.

இதுல ரெண்டு சட்டம் உண்டு. ஒண்ணு, எழுதுனவன் பேரு படத்துல எங்கயும் இருக்கக்கூடாது, பின்னால கூட. சாமி பேர மட்டும் எழுதணும். நாங்க வெறும் கை, எழுதுறது வேற ஆளுன்னு சாமியார் சொல்லுவாவ. ரெண்டாவது, முகத்தத் தொடுறதுக்கு முன்னால, அந்தப் படத்துல வேல பாத்தவங்க ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிடணும். என் மேல உனக்கு ஏதாவது உண்டான்னு முகம் எழுதுறவன் கேக்கணும். ஒண்ணுமில்லன்னு மத்தவன் சொல்லணும். அதுக்குப் பெறவுதான் முட்டைய ஒடைக்கணும். பகையோட எழுதுன முகம் பாக்குதவனப் பாக்காதுன்னு சாமியார் கறாரா சொல்லிட்டாவ. நாங்களும் ஒவ்வொரு படத்துக்கும் கேட்டோம். உண்டா? ஒண்ணுமில்ல. உண்டா? ஒண்ணுமில்ல. சொகமா இருக்கியான்னு கேட்டா சொகமா இருக்கேன்னு சொல்லுறோம்லா, அது மாதிரி ஆயிட்டு. வாயில வெத்தலையப் போட்டுக்கிட்டுக்கூட சொல்லிருக்கேன்.

இப்ப விசயத்துக்கு வாரேன். போன வருசத் தொடக்கத்துல கிரேக்க நாட்டு மடத்துல இருந்து கஸ்பார் சாமியாருக்கு லெட்டர் வந்துச்சு. மலைமேல இருக்க மடம், அங்கதான் அவிய படிச்சது. உங்க ஆளுக ரெண்டு பேருல ஒருத்தர ஆறு மாசம் இங்க தங்கிப் படிக்க அனுப்புங்க, ஆனா மொதல்ல ஆளுக்கொரு பலகை அனுப்புங்க, உள்ளங்கை அளவு, மாதா முகம், ஒருத்தர் எழுதுனதுல அடுத்தவர் தூரிகை படக்கூடாதுன்னு எழுதியிருந்தாவ. சரின்னு ரெண்டு பேரும் எழுதுனோம். எனக்கு என்ன, நானும் எழுதுனேன். நார்பர்ட்டு நாப்பது நாள் எழுதுனான். பலகையில பேரு போடக்கூடாதுல்லா? அதனால ஆளுக்கொரு சீட்டுல பேர எழுதி பலகையோட நூலுல கட்டி அனுப்பச் சொன்னாவ சாமியார். பெட்டி அடிக்கத் தெரிஞ்சவன் நான்தான். அதனால பார்சல் என் பொறுப்பு.

பார்சல் கட்டும்போது சீட்டு மாறிப்போச்சு.

அம்புட்டுதான் நடந்தது. ரெண்டும் ஒரே அளவு, ஒரே மரம். ரெண்டும் நான் இழைச்ச பலகை, ரெண்டுக்கும் தங்கம் நான் ஒட்டுனது. யாரு பேரும் எதுலயும் இல்ல. ஒங்களால கண்டுபிடிக்க முடியுமா? முடியும்னு வைங்க, முகத்தப் பாத்தா யாரும் கண்டுபிடிச்சிருவாவ. நார்பர்ட்டு ரெண்டு தடவ கேட்டான், பார்சல் எத்தன நாள்ல போயிச் சேரும்னு. சும்மா கேட்டிருப்பான். அவனுக்குப் போவ ஆசையே கெடையாது. ஒருநா டீக்கடையில வச்சி அவனே சொன்னான், பனியில போயி என்னல செய்ய, எங்கம்மைய யாரு பாப்பான்னு. அவன் வாயால சொன்னது. போவ ஆச இல்லாதவன் பேரு எந்தச் சீட்டுல இருந்தா என்ன?

மடத்துல இருந்து பதில் வந்த அன்னைக்கு சாமியார் ஊர்ல இல்ல, குருக்கள் தியானத்துக்குப் போயிருந்தாவ. சாமியார் பங்களாச் சமையக்காரம்மா கவர ரூமுக்குக் கொண்டாந்து குடுத்துட்டுப் போச்சு. இங்கிலீசு. எனக்கு இங்கிலீசு ஓடாது, நார்பர்ட்டு பன்னெண்டு வரைக்கும் படிச்சவன். வாசில, நமக்குள்ள என்னன்னு நான்தான் குடுத்தேன். அவன் கைய வேட்டியில தொடச்சிட்டு, நின்னுக்கிட்டே வாசிச்சு வாசிச்சு தமிழ்ல சொன்னான். ஒரு பலகையில தாயி இருக்கா, பாக்கவங்களத் திரும்பிப் பாக்கா, இத எழுதுன லிகோரிய நாங்க எதிர்பாத்துக்கிட்டு இருக்கோம். அதுவரைக்கும் வாசிச்சிட்டு நிறுத்துனான். அடுத்ததும் சொன்னான். இன்னொரு பலகையில துணியும் தங்கமும் சுத்தமா இருக்கு, ஆனா வீட்டுக்குள்ள ஆளு இல்ல, நார்பர்ட்டு முகம் எழுதுறத விட்டுட்டு துணிமணியோட நின்னுக்கிடுறது நல்லது.

அவன் கொரலு நடுங்கல அண்ணாச்சி. ஒரு எழுத்த முழுங்கல. கடைசியில கையெழுத்துப் போட்டவர் பேரு வரைக்கும் வாசிச்சான். கடுதாசிய நாலா மடிச்சு, மஞ்சக்கருவுல கலக்க வச்சிருந்த என் காடிப் பாட்டிலுக்கு அடியில வச்சான். நல்ல செய்திதாம்ல லிகோரின்னான். தோள்ல ஒரு தட்டு தட்டுனான். கை கழுவப் போயிட்டான்.

நீங்களே சொல்லுங்க, இதுல யாருக்குக் கஷ்டம்? வீட்டுக்குள்ள ஆளு இல்லன்னு சொன்னது யார? என்னயத்தான! அத அவன் வாயால கேட்டுக்கிட்டு, பல்ல இளிச்சுக்கிட்டு, சந்தோசம்னு நான் நிக்கணும். ஒரு மனுசன் அத எப்படித் தாங்குவான்? அதப்பத்தி இன்னைய வரைக்கும் ஒருத்தரும் யோசிக்கல. செலின்கிட்ட சொன்னா, அவ ஒலைய எறக்கி வச்சிட்டு என்னயவே பாக்கா.

சரி, மாறல, மாத்துனேன்னே வச்சிக்கிடுங்க. அதுக்கு என்ன செய்யணும்? சட்டையப் பிடிச்சு ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம். நான் வாங்கிருப்பேன். சாமியார்ட்ட போயி சொல்லிருக்கலாம். ஒண்ணுஞ் செய்யல. மறுநா வந்தான், வேலையப் பாத்தான். என் மகளுக்கு ஞானஸ்நானத்துல அவன்தான் ஞானத்தகப்பன், அவளுக்கு வழக்கம்போல நாவப்பழம் வாங்கிட்டு வந்தான். நான் என்ன நெனப்பேன்? விட்டுட்டான்னுதான நெனப்பேன். பெரிய மனசுன்னு நெனச்சேன். செலின்கிட்ட கூட சொன்னேன், நார்பர்ட்டு தங்கமான ஆளுன்னு. அவ கேக்கா, நீங்க அவன்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களான்னு. எதுக்கு? அவனே விட்ட பெறவு நான் போயி புண்ணக் கிண்டணுமா?

இப்படி நாலு மாசம் போச்சு. பெலவேந்திரர் திருநாளு கார்த்திக மழையில வரும், நவம்பர் முப்பது. கடலோரம் ஒரு சின்ன ஊரு, புயலுல பழைய சுரூபம் ஒடைஞ்சு போச்சுன்னு, எங்களப் படம் எழுதச் சொல்லிருந்தாவ. வீட்டுக்கு ஒரு முட்டன்னு ஊரு முழுக்க நாட்டுக்கோழி முட்ட சேத்து அனுப்புனாவ அண்ணாச்சி. எங்க வீட்டு முட்டையும் சாமி மேல இருக்குன்னு சொல்லிக்கிடணும்லா அவியளுக்கு. நான் உயிரக் குடுத்து வேல பாத்தேன். இந்தா, இந்தப் போர்வைக்குள்ள இருக்க தங்கம் மாதிரி என் ஆயுசுல ஒட்டுனதில்ல. வலையில ஒரு கண்ணு கூட தப்பா விழல. சாமி கையும் பாதமும் நார்பர்ட்டு எழுதியாச்சு, எல்லாம் முடிஞ்சுது. முகம் மட்டும் பாக்கி. திருநாளுக்கு அஞ்சு நாளு இருக்கு.

அன்னைக்குக் காலம்பற நார்பர்ட்டு குளிச்சு, வெள்ள வேட்டி கட்டி வந்தான். முகம் எழுதுற நாள்ல அப்படித்தான் வருவான். முட்டைய ஒடச்சான். கேக்கதுக்கு முன்னாலயே ஒடச்சிட்டானேன்னு எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. வெள்ளக்கருவ வழிய விட்டுட்டு, மஞ்சக்கருவ இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு, அந்தக் கையில இருந்து இந்தக் கைக்கு மாத்தி மாத்தி உருட்டிக் காய வச்சான். மேல ஒரு சின்னத் தோலு உண்டு, அது ஈரமில்லாம இருந்தாத்தான் நுள்ளித் தூக்கி உள்ள இருக்கதச் சுத்தமா எடுக்க முடியும். உருட்டிக்கிட்டே என்னயப் பாத்தான்.

"இன்னைக்கு நீ கேளு"ன்னான்.

எப்பவும் அவன்தான் கேப்பான். சரி, யாரு கேட்டா என்னன்னு நானும் கேட்டேன். "என் மேல உனக்கு ஏதாவது உண்டா?"

"உண்டு."

பதினோரு வருசத்துல அந்த வார்த்த அந்த ரூமுக்குள்ள வந்ததில்ல. மஞ்சக்கரு அவன் உள்ளங்கையில ஒடையாம இருக்கு. உருட்டுறத நிறுத்திட்டான். வெளிய மீன்காரன் ஹாரன் அடிச்சிட்டுப் போறான். அவன் பாட்டுக்கு நிக்கான், என் வாயப் பாத்துக்கிட்டு நிக்கான்.

நான் சரியாத்தான் பேசுனேன் அண்ணாச்சி. பொறுப்பாப் பேசுனேன். "திருநாளுக்கு அஞ்சு நாளுதான் இருக்கு. மொதல்ல முகத்த எழுது. மத்தத பெறவு பேசிக்கிடுவோம்"னேன்.

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா லிகோரி?"

"என்ன சொல்லச் சொல்லுத?"

அவன் வாசலுக்குப் போனான். கையக் கவுத்தான். அந்த மஞ்சக்கரு மணல்ல விழுந்துச்சு. காக்கா ஒண்ணு வந்து கொத்துச்சு. ஊருக்காரவிய வீட்டுக்கு வீடு சேத்த முட்ட! பெறவு கை கழுவுனான், அவன் தூரிகைய மட்டும் எடுத்துத் துண்டுல சுருட்டுனான், போயிட்டான். ஒரு சத்தமில்ல, ஒரு வசவில்ல. நம்பிக் கழுத்த நீட்டுனவன அறுக்கதுன்னா இதுதான். நாலு மாசம் மனசுக்குள்ள வச்சிருந்து, சரியாத் திருநாளப் பாத்து, முகம் எழுதுற அன்னைக்குப் பாத்து அறுத்தான். துரோகம்னு வேற எதச் சொல்லுவாவ?

சாமியார்ட்ட நான் ஒளிக்கல. நார்பர்ட்டு கோச்சுக்கிட்டுப் போயிட்டான், காரணம் தெரியலன்னு சொன்னேன். அவிய ஆள் அனுப்புனாவ. வரலன்னுட்டான். ஆனா ஒண்ணு, அவனும் காரணம் சொல்லல. ஏன் சொல்லலன்னு எனக்கு இன்னைக்கும் விளங்கல. சொல்லிருந்தா நான் பதிலு வச்சிருந்தேன்.

சரின்னு நானே ஒக்காந்தேன். பாத்துப் பாத்துக் கிடந்த வேலதான. பாசி நெறத்த அடிச்சேன். வெளிச்சத்த ஏத்துனேன். மூக்கு வந்துச்சு, தாடி வந்துச்சு, கண்ணும் வந்துச்சு. ரெண்டு வெள்ளக் கோடும் போட்டேன். எந்திரிச்சு சன்னலுக்குப் பக்கத்துல போயி நின்னு பாத்தேன். கதவுக்குப் பக்கத்துல நின்னு பாத்தேன். கண்ணு இருக்கு, அண்ணாச்சி, பாக்கல. சொரண்டி எடுத்தேன். மறுநா எழுதுனேன், சொரண்டுனேன். மூணாவது நாளும் அப்படித்தான். கடைசியில அடியில இருந்த பாசி நெறம் மட்டும் மிஞ்சிச்சு. அதோட விட்டுட்டேன். அன்னைக்கெல்லாம் நான் சட்டையே போடல.

திருநாளன்னைக்கு அதக் கொண்டு போயி பீடத்துல வச்சோம். வேற வழி? கொடி ஏத்தியாச்சு, சப்பரம் நிக்கி, வெடி போடுதாவ. நான் சாமி தலைக்கு மேல மல்லிப்பூ மாலைய எறக்கிக் கட்டச் சொன்னேன், முகம் மறைஞ்சுக்கிடும்னு. எங்க மறையுது, காத்து அடிக்கில்லா? மாலை ஆட ஆட உள்ள கருப்பா வட்டமாத் தெரியுது. சுத்தி என் தங்கம் தகதகங்குது. தங்கம் நல்லா இருக்க இருக்க அந்த எடம் இன்னும் இருட்டாத் தெரியுது. மீன் விக்க அக்கா ஒருத்தி, கையில பிள்ளையோட, கிட்ட வந்து உத்துப் பாத்தா. பெறவு பக்கத்துல நின்னவகிட்ட சத்தமாச் சொன்னா.

"சாமி முகங்குடுக்க மாட்டேங்காரே. யாரு கூடயோ கோவமா இருக்காரு போலுக்க."

எல்லாரும் ஒரு மாதிரி ஆயிட்டாவ. ஊருத்தலைவர் என்கிட்ட வந்து, இது யாரு எழுதுனதுன்னு கேட்டாரு. எங்க சட்டப்படி பேரு சொல்லக் கூடாது. கை மட்டும்தான் நாங்க. ஆனா நான் என்ன செய்ய, அம்புட்டு பேரும் என்னயப் பாக்காவ. துணி, தங்கம் எல்லாம் நான், முகம் நார்பர்ட்டுன்னு சொல்லிட்டேன். நார்பர்ட்டு எந்த ஊருன்னு கேட்டாரு. குருசடின்னேன். அப்பன் பேரு கேட்டாரு, அதையும் சொன்னேன். பதினோரு வருசத்துல ஒரு முகத்துக்கு அவன் பேர நான் வாயத் தொறந்து சொன்னது அன்னைக்குத்தான். பாத்துக்கிடுங்க, எனக்கு வஞ்சகம் கெடையாது, அவனுக்குள்ள பேர அவனுக்கே குடுத்தேன்.

வீட்டுக்கு வந்து இத செலின்கிட்ட சொன்னேன். அவ ரெண்டு நாள் எனக்குச் சோறு வச்சா, பேசல. மூணாம் நாளு, "இல்லாத முகத்துக்கு மட்டும் அவன் பேரு ஞாவகம் வந்துச்சோ"ன்னா. பொம்பளைக கோர்த்துப் பேசுறதுல கெட்டிக்காரிக. மக அதுக்கு மேல. கிறிஸ்மசுக்கு நார்பர்ட்டு அவளுக்குச் சட்டைத் துணி குடுத்து விட்டிருக்கான். எனக்கு ஒரு வார்த்த இல்ல. அவ அத நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, மாமா எப்ப வருவாவன்னு என்கிட்ட கேக்கா.

போன ஞாயித்துக்கெழம கஸ்பார் சாமியார் என்னயக் கூப்பிட்டு விட்டாவ. படத்த ஊர்ல இருந்து திருப்பி அனுப்பிட்டாவ. ரூம்ல செவத்துல சாச்சி வச்சிருந்துச்சு. சாமியார் அத ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாவ. லிகோரி, யாருமேல தப்புன்னு நான் கேக்கல, முகத்தோட கொண்டு வா, இல்லன்னா கொண்டு வராதன்னாவ. பெறவு, ஈஸ்டர் கழிஞ்சு நீ மடத்துக்குப் போறப்ப மொத வாரமே அவிய ஒனக்கு ஒரு பலகையக் குடுத்து முன்னால ஒக்கார வச்சு முகந்தான் எழுதச் சொல்லுவாவ, தெரியும்லான்னும் கேட்டாவ. தெரியும்னேன். அவிய என் மூஞ்சியப் பாக்கல. அந்தப் பலகையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாவ.

அதான் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டேன். அவன் இப்ப அம்மை வீட்டோட இருக்கானாம். பழையபடி போட்டுக்குப் பேரு எழுதுதானாம். கரையில ஏத்தி வச்ச போட்டுல ஏணி போட்டுக்கிட்டு, ஆளுயரத்துக்கு எழுத்து. அந்தக் கைய வச்சிக்கிட்டு! நான் என்ன முடிவு பண்ணிருக்கேன்னா, நேராப் போயி இத அவன் முன்னால மணல்ல நட்டமா வைக்கப் போறேன். போர்வைய எடுக்கப் போறேன். இந்தா பாரு நீ செஞ்ச வேலையன்னு கேக்கப் போறேன். நாலு பேரு முன்னால கேட்டாத்தான் அவனுக்கு ஒறைக்கும்.

அவன் என்ன செய்வான்னு எனக்குத் தெரியும். ஏணியில இருந்து எறங்கி, கைய வேட்டியில தொடச்சிட்டு, கேளும்பான்.

நான் கேக்கணும். என் மேல உனக்கு ஏதாவது உண்டான்னு. கேட்டா உண்டும்பான். அதுக்கு மேல நான் என்ன சொல்லணும்? நெசமாத்தான் கேக்கேன். ஒண்ணுமில்லன்னா அடுத்தாப்புல என்ன செய்யணும்னு சாமியார் சொல்லித் தந்திருக்காவ, முட்டைய ஒடைக்கணும். உண்டுன்னா அடுத்தாப்புல என்னன்னு சொல்லித் தரல. பதினோரு வருசம் தேவையும் படல. நீங்க நாலு எடம் போனவிய மாதிரி இருக்கிய. ஒங்க ஊர்ல இதுக்கு என்ன சொல்லுவாவ?

சிரிக்காதீங்க. அது என்ன வார்த்தன்னு எனக்கும் தெரியும். பஸ்ஸுல ஏறுறதுக்கு முன்னால வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன். வாய் வரைக்கும் வருது. வெளிய வரும்போது, 'நீ மட்டும் யோக்கியமா'ன்னு வருது. மூச்சு நம்ம சொன்ன பேச்சு கேக்கும், அண்ணாச்சி, எங்க விடணும், எவ்வளவு விடணும்னு. இந்தச் சவத்து வாயி கேக்க மாட்டேங்கு.

குருசடி வந்துட்டா? அந்தா, சிலுவை தெரியுது. ஏப்பா கண்டக்டரு, ஆளு எறங்கணும், நிறுத்துப்பா, சாமி இருக்குல்லா. அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாம ஒரு கை பிடிச்சு விடுங்க. மெதுவா, மெதுவா. கீழ பிடிங்க. மேல வேண்டாம். அங்க இல்ல, அங்க இல்ல, அண்ணாச்சி, அங்க கைய வைக்காதீங்க. அது முகம்.